மாமா தண்ணீர் பார்த்த சிறுபோகம்

பிள்ளைகளே, உங்கள் பெரிய மாமாவும் நானும் சத்தம் போட்டுக் கதைக்கிறபோது நீங்கள் புத்தகத்தை மூடிவிட்டு வந்து வாசலில் நிற்பீர்கள். சண்டை பிடித்து அடிபடப் போகிறோம் என்று சின்னவன் ஒருமுறை அழுதும் இருக்கிறான். நாங்கள் அடிபட்டதில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு கேள்விதான். அவரவர் தன் தன் நன்மையைப் பார்த்துக்கொண்டு போனால் ஊர் தானாக நன்றாக வருமா, அல்லது அரசாங்கம் என்று ஒன்று மேலே நின்று இது உனக்கு, இது அவனுக்கு என்று சொல்ல வேண்டுமா? மாமா முதலாவது பக்கம். நான் இரண்டாவது பக்கம். அவரும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். பிறகு நான் அவருடைய தங்கச்சியைக் கட்டினேன். அதனால் எங்களுக்குள் நீங்கள் நாங்கள் என்ற மரியாதையெல்லாம் கிடையாது.

நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தினவன். அதிலும் எல்லாப் பாடமும் சித்தியில்லை. பெரிய சொற்கள் எனக்கு வராது. ஒரு சிறுபோகத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அந்தப் போகம்தான் நான் இன்றைக்கு உங்களோடு இந்த வீட்டில் இருப்பதற்குக் காரணம்.

கண்டாவளைப் பக்கம் எங்கள் வயல் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். வாய்க்காலின் கடைசியில். மாமாவின் வயல் வாய்க்கால் தொடங்குகிற தலைப்பில், குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடுகிற துருசுக்குக் கிட்ட. துருசு திறந்தால் முதலில் நனைவது அவருடைய வரம்பு. எல்லாருடைய வயலும் குடித்த மிச்சம்தான் எங்களுக்கு. மாரி மழையோடு செய்கிற காலபோகத்தில் இது பெரிய விசயமில்லை. வானம் தலைப்பு வயல், கடைசி வயல் என்று பார்ப்பதில்லை. வெயிலோடு செய்கிற சிறுபோகத்தில்தான் கடைசியில் இருப்பது என்றால் என்னவென்று விளங்கும்.

சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் முழு நிலத்துக்கும் காணாது. அதற்கு எங்கள் பகுதியில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். துருசுக்குக் கிட்ட இருக்கிற மேல் பாதி நிலத்தில் மட்டும் பயிர் செய்வோம். கீழ் பாதி சும்மா கிடக்கும். ஆனால் கீழே காணி உள்ள குடும்பங்கள் சும்மா இருக்கத் தேவையில்லை. மேல் பாதியைத் துண்டு துண்டாகப் பிரித்து, சீட்டு இழுத்து, எல்லாக் குடும்பத்துக்கும் ஒவ்வொரு பங்கு கொடுப்போம். அந்த ஒரு போகத்துக்கு மட்டும் மாமாவின் காணிக்குள் நான் விதைக்கலாம். அறுவடை முடிய அது திரும்ப அவருடையது. வெளியூர்க்காரருக்கு இதைச் சொன்னால், சொந்தக் காணியை யாராவது இன்னொருவனுக்கு விடுவானா என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் விடுவான். முணுமுணுத்துக்கொண்டு விடுவான்.

அதற்கு முந்தின சிறுபோகத்தில் எங்கள் பங்கு, பயிர் செய்த அந்தப் பாதிக்குள்ளேயே கடைசித் துண்டாக விழுந்தது. குடலைப் பருவம் வந்தது. கதிர் தண்டுக்குள் நின்றுகொண்டு வெளியே வரப் பார்க்கிற நேரம் அது. அந்த நேரத்தில் தண்ணீர் தவறினால் பிறகு கடலையே திருப்பிவிட்டாலும் பிரயோசனமில்லை. தண்ணீர் தவறியது. துருசில் திறந்த தண்ணீர் வழியில் எங்கேயோ காணாமல் போய்க்கொண்டிருந்தது. எங்கே என்று எனக்குப் பிடிபடவில்லை. வயல் காய்ந்து வெளிறிப்போன பிறகு மாடுகளை உள்ளே விட்டேன்.

அந்தக் கிழமையே கிளிநொச்சிக்குப் போய், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவரைக் கண்டு கதைத்தேன். அடுத்த சிறுபோகமும் எரிந்தால் கட்டாருக்குக் கட்டட வேலைக்குப் போவதாக முடிவு. உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவர் போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போங்கோ என்றும் சொல்லவில்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, "பிள்ளையளுக்கு நீங்களே சொல்லுங்கோ" என்றார். நான் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

மாசி முடிந்து பங்குனியில் சிறுபோகக் கூட்டம் கூடியது. பொதுநோக்கு மண்டபத்தில் கதிரை போதாமல் சனம் ஜன்னலடியில் நின்றது. நீர்ப்பாசனத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் ஒரு இளம் பெண். எல்லாரும் அவரை மிஸ் என்று கூப்பிடுவோம். குளத்தில் தண்ணீர் குறைவு, பாதி நிலத்துக்குத்தான் காணும் என்று அவர் சொல்லி முடிக்கவில்லை, மாமா எழும்பிவிட்டார்.

"மிஸ், நான் ஒண்டு சொல்லலாமோ? இந்தப் பங்கு பிரிக்கிற விளையாட்டை விடுவம். பங்கு வேணுமெண்டவன் வாங்கட்டும். வேண்டாமெண்டவன் வித்துப்போட்டு வீட்டில காலை நீட்டிக்கொண்டு இருக்கட்டும். விக்கிறவனுக்கும் லாபம், வாங்கிறவனுக்கும் லாபம். இதில ஆருக்கு என்ன நட்டம்?"

முன்வரிசையில் சிலர் கை தட்டினார்கள். நான் எழும்பினேன்.

"மச்சான், எல்லாற்ற பங்கையும் வாங்க ஏலுமான ஆள் இந்த மண்டபத்தில ஆர் எண்டும் ஒருக்காச் சொல்லிப்போட்டு இரு."

"உழைச்சவன் வாங்குவான்."

"தலைப்பில காணி கிடைச்சவன் வாங்குவான். உனக்குத் தலைப்பில கிடைச்சது உழைப்பாலயோ, உன்ர தாத்தா சீட்டு இழுத்த நேரம் கை நல்லா இருந்ததாலயோ? அரசாங்கம் குடுத்த காணி அது."

"அரசாங்கம் குடுத்தது காடு. வயலாக்கினது என்ர தாத்தா," என்றார் மாமா. "அரசாங்கம் பாக்கும், அரசாங்கம் பாக்கும் எண்டு நீ எப்பவும் சொல்லுறாய். பாத்ததைக் கண்டனாங்கள் தானே? ஒரு அறிவித்தலோட உரத்தை நிப்பாட்டினவை. உன்ர பயிர் மஞ்சளாப் போனது மறந்துபோச்சோ?"

"மறக்கேல்லை. டீசலுக்கு வரிசையில நிண்டதையும் மறக்கேல்லை. அப்ப உன்ர சந்தை எங்க போனது? வைச்சிருந்தவன் விலையை ஏத்தினான். போனில கியூஆர் வந்து ஆளுக்கு இவ்வளவுதான் எண்டு அளந்து குடுத்த பிறகுதானே உன்ர உழவு மெசினும் உறுமினது?"

"கியூஆர் வர முதல் நீ விதைச்சனியே, அந்த டீசல் ஆரிட்ட வாங்கினது? வானத்தில இருந்தோ விழுந்தது?"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. அவரிடம்தான் வாங்கினேன். அவர் தகரப் பரலில் பதுக்கி வைத்திருந்தார். ஊருக்கே தெரியும். நான் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டேன்.

அப்போதுதான் வாசலில் இருந்து ஒரு குரல் வந்தது. நீங்கள் அத்தை என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டு அத்தை. அவருடைய தாயும் தகப்பனும் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து, அங்கே தமிழருக்கு அடி விழுந்த காலத்தில், உடுத்த உடுப்போடு வன்னிக்கு வந்தவர்கள். எங்கள் வயல்களில் அவர் நாற்று நடாத வரம்பு கிடையாது. ஆனால் வாய்க்காலில் காணி இல்லை. ஆகவே பங்கும் இல்லை, கூட்டத்தில் கதிரையும் இல்லை.

"அண்ணே, ரெண்டு பேரும் கொஞ்சம் நிப்பாட்டுங்க," என்றார். "ஒருத்தர் விக்கணும்ங்கிறீங்க. ஒருத்தர் விக்கவே கூடாதுங்கிறீங்க. யாழ்ப்பாணத்துலயும் கனடாவுலயும் இருக்கிறவங்க பங்கு வருசா வருசம் எங்க போவுது? கூட்டத்துக்குத் தெரியாம வித்துத்தானே போவுது? அதை எங்களுக்கு மட்டும் ஏன் யாரும் விக்க மாட்டேங்கிறீங்க?"

முன்வரிசை திரும்பி மாமாவைப் பார்த்தது. அந்தப் பங்குகளில் முக்கால்வாசி மாமாவிடம்தான் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. அதனால் எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். ஆனால் அந்தச் சந்தோசம் கொஞ்ச நேரம்தான். நான் தூக்கிப் பிடிக்கிற எங்கள் வழக்கத்திலும் அந்த அத்தைக்கு ஒரு சாண் இடம் இல்லை என்பதை அன்றைக்குத்தான் யோசித்தேன். மாமாவின் சந்தை அவரைக் கூப்பிடவில்லை. என்னுடைய ஒழுங்கு அவரைக் கணக்கில் எடுக்கவில்லை.

மிஸ் கடைசியாகக் கதைத்தார். "துருசு வரைக்கும் தண்ணிக்கு நான் பொறுப்பு. துருசைத் தாண்டினா வாய்க்கால் உங்கட கமக்கார அமைப்பின்ர பொறுப்பு. ஒவ்வொரு மடையிலயும் நிக்க என்னட்ட ஆக்கள் இல்லை. இந்தப் போகம் வாய்க்காலில தண்ணி பாக்கப்போறது ஆர் எண்டு அடுத்த கூட்டத்தில சொல்லுங்கோ. அதுக்குப் பிறகுதான் துருசு திறப்பன்."

அன்று பின்னேரம் குசினி வாசலில் இருந்து நான் புலம்பினேன். மூத்தவளே, நீ அப்போது உயர்தர வகுப்பில் வர்த்தகம் படித்துக்கொண்டிருந்தாய். புத்தகத்தில் இருந்து தலையைத் தூக்காமல் சொன்னாய்: "அப்பா, நீங்களும் மாமாவும் சொல்லுறது எங்கட பொருளியல் புத்தகத்தில ரெண்டு பாடம். ரெண்டுக்கும் புள்ளி இருக்கு."

அம்மா தேங்காய் துருவிக்கொண்டே, "அப்ப ரெண்டையும் எழுதிப்போட்டு ரெண்டு பேரையும் பாஸ் பண்ணி விடு பிள்ளை. எனக்கு வயலுக்குத் தண்ணி வந்தாச் சரி" என்றார்.

இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் அம்மன் கோயில் பொங்கல் வந்தது. அன்னதானத்துக்கு எப்போதும் மாமாதான் கரண்டி. சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் துவாயோடு, அவர் பந்தியில் நடப்பதைப் பார்க்க வேண்டும். ஒரு சோற்றுப் பருக்கை வீணாகாது. நான் முதல் பந்தியில் இருந்தேன். பாயாசம் நன்றாக இருந்தது.

"மச்சான், இன்னொரு கரண்டி."

"வைச்சனான் தானே?"

"ஒரு கரண்டிதானே கேக்கிறன். உன்ர வீட்டுப் பாயாசமோ?"

"பொறுடா. வெளியில நிக்கிற சனத்தை எட்டிப் பாத்தனியோ?" என்று அரைக் கரண்டி ஊற்றிவிட்டுப் போனார். எல்லாப் பந்தியும் எழும்பின பிறகு, பரிமாறினவர்கள் கடைசியாக இருந்தார்கள். எங்கள் கோயில்களில் அது எழுதாத சட்டம். கரண்டி பிடித்தவன் கடைசிப் பந்தி. மாமாவின் இலையில் சோறு, மூன்று கறி, அப்பளம், பாயாசம் எல்லாம் இருந்தது. ஒன்றும் குறையவில்லை. அவர் பாயாசத்தை வழித்துக் குடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் கிடாரம் கழுவிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றது. இவ்வளவு காலமும் எங்கள் கண்ணுக்கு முன்னால் இருந்த விசயம்!

இரண்டாவது கூட்டத்தில் நான்தான் முதலில் எழும்பினேன்.

"மச்சான், நீ போன கூட்டத்தில சொன்னதை நான் ஏற்றுக்கொள்ளுறன். அவனவன் தன்ர நன்மையைத்தான் பாப்பான். முழுக்கச் சரி."

மாமா சந்தேகமாகப் பார்த்தார். "உனக்கென்ன, காய்ச்சலோ?"

"ஒண்டு மட்டும் கேக்கிறன். அன்னதானத்தில கரண்டி பிடிச்ச நீ எந்தப் பந்தியில சாப்பிட்டனீ?"

"கடைசிப் பந்தியில. ஏன், நீ முதல் பந்தியில இருந்து பாயாசத்துக்கு அழுததைச் சொல்லவோ?"

சனம் சிரித்தது. நான் விடவில்லை. "சொல்லு, சொல்லு. முதல் பந்தியில இருந்து சாப்பிடுறவன்ர கையில கரண்டியைக் குடுத்தா என்ன நடக்கும்?"

"என்ன நடக்கும்? கடைசிப் பந்திக்குக் கிடாரத்தைக் கழுவித்தான் ஊத்தவேணும்..."

சொல்லி முடிக்கும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. மண்டபத்துக்கும் விளங்கிவிட்டது. பின்னால் இருந்து யாரோ, "பிடிச்சிட்டான் ஐயா!" என்று கத்தினார்கள். கை தட்டல் நிற்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

நான் சொன்னது இவ்வளவுதான். வாய்க்காலில் தண்ணீர் பார்க்கிறவர் யாராக இருந்தாலும், பயிர் செய்கிற பாதியில் கடைசித் துண்டு அவருடைய பங்காக இருக்க வேண்டும். எல்லாருக்கும் பாயாமல் அவருக்குத் தண்ணீர் வராது. இந்தப் போகம் அந்த ஆள் மாமா.

"என்ர சொந்தக் காணி தலைப்பில கிடக்க, நான் கடைசியில போய் விதைக்கவோ?" என்று மாமா துள்ளினார்.

"ஏன் மச்சான், உன்ர சுயநலம் கடைசித் துண்டில வேலை செய்யாதோ?"

பெண்கள் பக்கம்தான் அதிகம் சிரித்தது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மாமாவின் முகம் சிவந்தது. கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

"செய்யும்! எங்க கொண்டுபோய் வைச்சாலும் செய்யும். காட்டுறன், எல்லாரும் இருந்து பாருங்கோ!"

கூட்டம் கை உயர்த்தி அதை முடிவாக்கியது. அந்தச் சூட்டோடு அத்தையின் விசயத்தையும் எடுத்தோம். ஊரில் இல்லாதவர்களின் பங்கை இனிமேல் ஒளித்து விற்க முடியாது, கூட்டத்தில் வைத்துத்தான் குத்தகைக்குக் கொடுக்க வேண்டும், இந்த ஊரில் இருந்து தானே இறங்கிச் செய்கிறவருக்குத்தான் முதல் உரிமை என்று கை உயர்த்தி முடிவெடுத்தோம். குத்தகை எவ்வளவு என்பதைக் கூட்டம் தீர்மானிக்க வேண்டும் என்று நான் நின்றேன். எந்தத் துண்டை எடுப்பது என்பதைக் குத்தகைக்கு எடுக்கிறவரே பார்த்துத் தீர்மானிக்கட்டும் என்று மாமா நின்றார். இரண்டும் நடந்தது. அத்தை வாசலில் இருந்து உள்ளே வந்து ஒரு கதிரையில் இருந்தார். கடைசிக்கு முந்தின துண்டைத்தான் எடுத்தார். "கடேசித் துண்டுக்காரர் தண்ணி கொண்டாந்தா என் வரப்பைத் தாண்டித்தானே போவணும்" என்றார். மிச்சத் துண்டுகளுக்குச் சீட்டு இழுத்தபோது அதற்கு முந்தின துண்டு எங்களுக்கு விழுந்தது. எங்கள் வீட்டுக் கை அப்படி.

துருசு திறந்தது. மாமா தண்ணீர் பார்த்த அழகை எழுதினால் ஒரு கொப்பி முடியும். தலையில் ஒரு பழைய தொப்பி, மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு மண்வெட்டி. விடிந்தால் வாய்க்கால் கரையில்தான். யாராவது தன் மடையைக் கொஞ்சம் கூடத் திறந்து வைத்திருந்தால், "ஏன்டா, உன்ர நெல்லு என்ன நீச்சலோ பழகுது?" என்று கேட்பார். வாய்க்காலுக்குள் மண்மூட்டை போட்டு மறித்தவனை வீட்டு வாசலில் போய்க் கூப்பிடுவார். இளம் வயதில் இதே வேலையை இவரே செய்தவர் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் அவருக்கு எந்தச் சாக்கும் சொல்ல முடியாது. எல்லாச் சாக்கும் அவர் சொல்லி முடித்தவை.

பயிர் கரும்பச்சையாக எழும்பியது. அத்தை களை பிடுங்கும்போது பாடினார். முன்பு அவர் பாடி நான் கேட்டதில்லை.

பிறகு சோளகக் காற்று தொடங்கியது. சூடான காற்று. மண்ணில் இருந்த ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போனது. சரியாகக் குடலைப் பருவத்தில் வாய்க்காலில் தண்ணீர் மெலிந்தது. ஒரு காலையில் கடைசி மூன்று துண்டிலும் நிலம் வெடிக்கத் தொடங்கியதைக் கண்டேன். முந்தின வருசமும் இப்படித்தான் தொடங்கியது. உடனே மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். அவர் பயிற்சிக்குக் கொழும்பு போய்விட்டார். நீர்ப்பாசனக் கந்தோருக்கு எடுத்தேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. நான் நம்பியிருந்த அரசாங்கம் அன்றைக்கு மேசையில் இல்லை.

அந்த நேரம் மாமாவின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. "ஏறு" என்றார். வேறு கதையில்லை.

துருசடியில் தண்ணீர் நிறைவாகத்தான் போனது. மடைகள் எல்லாம் முறைப்படி மூடி இருந்தன. ஆனால் மாமாவின் சொந்தக் காணியைத் தாண்டியதும் தண்ணீர் அரைவாசியாகிவிட்டது. நான் முழித்தேன். மாமா இறங்கி வாய்க்கால் கரையில் நின்று தலையைச் சொறிந்தார்.

"இந்தக் கோரைக்குக் கீழ ஒரு குழாய் கிடக்கு," என்றார்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நான்தானே தாட்டனான். வாயை மூடிவிட்டனான், ஆரோ திறந்திருக்கினம்."

நான் கரையில் குனிந்து கோரையை விலக்கிப் பார்த்தேன்.

"போன சிறுபோகமும் இருந்ததோ?"

"ஓம்."

எரிந்த வயலுக்குள் மாடுகளை விட்ட அந்தக் காலை எனக்கு ஞாபகம் வந்தது. கிளிநொச்சிக்குப் பஸ் ஏறினது ஞாபகம் வந்தது. என் தண்ணீர் எங்கே போனது என்று நான் தேடாத இடமில்லை. அவர் வீட்டில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டும் தேடியிருக்கிறேன். கை ஓங்கவில்லை. ஆனால் ஓங்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"உன்ர வயல் எரியுமெண்டு நினைக்கேல்லை மச்சான்," என்றார் மாமா. குரல் இறங்கியிருந்தது. "என்ர வயல் நனைஞ்சாச் சரியெண்டு மட்டும்தான் நினைச்சன். அப்ப நான் முதல் பந்தியில இருந்தனான்."

அவர் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வாய்க்காலுக்குள் குதித்தார். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, கோரையைப் பிடுங்கி, குழாயைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. நான் கரையில் நின்றேன். கொஞ்ச நேரம்தான் நின்றேன். பிறகு நானும் இறங்கினேன். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தபோது அது ஒரு பெரிய பாம்பு மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

அந்தப் போகம் அந்தத் துண்டில் பங்கு எடுத்திருந்தவர் சத்தம் கேட்டு ஓடி வந்தார். "அண்ணை, என்ன வேலை செய்யுறியள்? அது உங்கட குழாயெல்லோ! நான் வரேக்கயே கிடந்தது!"

"என்ர குழாய்தான்! அதாலதான் நான் பிடுங்கிறன்! உனக்கு வெக்கமில்லையோ, ஊர்ச்சனத்தின்ர தண்ணியை ஒளிச்சு எடுக்க?"

மாமா ஈரக் கையோடு போனை எடுத்துக் கந்தோருக்கு அடித்தார். அவருடைய அதிர்ஷ்டத்துக்கு யாரோ எடுத்துவிட்டார்கள். "ஹலோ, வாய்க்காலில களவுக் குழாய் கிடக்கு. உடன ஆக்களை அனுப்புங்கோ. நாட்டில சட்டம் எண்டு ஒண்டு இருக்கோ இல்லையோ? அரசாங்கம் என்ன செய்து கொண்டிருக்குது?"

நான் வாய்க்கால் கரையில் இருந்துவிட்டேன். அவ்வளவு கோபத்துக்குள்ளும் எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. வயிறு நொந்தது.

"என்னடா சிரிப்பு?"

"ஒண்டுமில்லை. அரசாங்கம் உன்ர கதைக்குப் பயந்துபோய் வரும் பார்."

வந்தது. அடுத்த நாள் ஜீப்பில் ஆட்கள் வந்து வாய்க்கால் முழுக்கத் தேடினார்கள். மாமாவே முன்னுக்கு நடந்து காட்டினார். எங்கே புதைத்திருப்பார்கள் என்று அவரை விட யாருக்குத் தெரியும்? இன்னும் சில குழாய்கள் வெளியே வந்தன.

அம்மாவுக்கு நான் சொல்ல முதல் ஊர் சொல்லிவிட்டது. தன் அண்ணனிடம் நேரே நடந்து போனார். அங்கே என்ன கதைத்தார் என்று இரண்டு பேரும் இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் மாமா அந்தப் போகம் முடியும்வரை தன்னுடைய துண்டில் இறங்க முதல் எங்களுடைய வரம்பைத்தான் முதலில் பார்த்தார்.

தண்ணீர் வந்த அந்தப் பின்னேரம்! முதலில் நுரையும் சருகும் உருண்டு வந்தன. பிறகு வாய்க்காலின் இரண்டு கரையும் கறுத்து நனைந்தன. நான் மடையைத் திறந்தேன். வெடித்த நிலம் சத்தம் போட்டுக் குடித்தது. நீங்கள் மூன்று பேரும் சேற்றுக்குள் குதித்து விழுந்து எழும்பினீர்கள். அத்தை தன் வரம்பில் நின்று தண்ணீரைக் கையால் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். எங்களைத் தாண்டி, அவரைத் தாண்டி, தண்ணீர் கடைசித் துண்டுக்குள் போனபோது மாமா தொப்பியைக் கழற்றி வானத்துக்கு எறிந்தார். அது அத்தையின் வயலுக்குள் விழுந்தது. "என் காணிக்குள்ள விழுந்தது எனக்குத்தான்" என்று அத்தை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

சில நாட்களில் கதிர் வந்தது. தலை சாய்ந்த, கனத்த கதிர். வரம்பில் நின்று பார்த்தால் தலைப்பு வயல் எது, கடைசி வயல் எது என்று சொல்ல முடியாது. வாய்க்காலின் கடைசியில் வாழ்ந்த எனக்கு அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அறுவடை மெசின் எங்கள் துண்டுக்குள் இறங்கிய காலை, கிளிநொச்சிக்காரர் போன் எடுத்தார். இடம் ஒன்று வந்திருக்கிறது, உடனே முடிவு சொல்ல வேண்டும் என்றார். நான் போனை மெசின் பக்கம் நீட்டிப் பிடித்தேன்.

"கேக்குதோ?"

"என்ன சத்தம் அது? ஒண்டும் விளங்கேல்லை."

"என்ர நெல்லு வெட்டுற சத்தம். வேற ஆளைப் பாருங்கோ அண்ணை. நான் வரேல்லை."

அம்மா சாக்குகளை உதறிக்கொண்டு நின்றார். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றார். சாக்கு உதறுகிற வேகம் மட்டும் கூடியது.

மத்தியானம் மூன்று துண்டின் நெல்லும் மூட்டையாகி வரம்பில் நின்றது. அத்தை தன்னுடைய மூட்டைகளைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அவர் வெட்டிக் கட்டிய நெல் எத்தனையோ ஆயிரம் மூட்டை இருக்கும். தன்னுடையது என்று சொல்லி நின்ற முதல் மூட்டைகள் இவைதான். மாமா ஒரு மூட்டையில் ஏறி இருந்து, நெல்லைக் கையில் எடுத்து ஊதினார்.

"பாத்தியா மச்சான்? நான் சொன்னது வென்றிட்டுது. என்ர சுயநலம்தான் ஊருக்கே தண்ணி குடுத்தது."

"உன்ர சுயநலம் தலைப்பில இருக்கேக்க குழாய் எல்லோ தாட்டது? அதைத் தூக்கிக் கொண்டுவந்து கடைசியில வைச்சது கூட்டம். கை உயர்த்தி எடுத்த முடிவு. வென்றது நான்."

"மொதல்ல என் மூட்டைல இருந்து எறங்குங்க அண்ணே," என்றார் அத்தை. "ஜெயிச்சது யாருன்னு நின்னுக்கிட்டே பேசலாம்."

மாமா எழும்பி, மண்ணைத் தட்டிக்கொண்டு, எல்லாரையும் பார்த்துச் சொன்னார்: "அடுத்த சிறுபோகமும் தண்ணி நான்தான் பாப்பன். கடைசித் துண்டு எனக்கு. இப்பவே சொல்லிப்போட்டன்."

நெல் ஏற்ற வந்திருந்த தலைப்பு வயல்காரர் ஒருவர், "அதெப்பிடி அண்ணை? நானும் கேக்க இருக்கிறன். இந்தமுறை கடைசித் துண்டுதான் நல்லா விளைஞ்சது" என்றார்.

"நல்ல விசயம்," என்றேன் நான். "போட்டி இருந்தாத்தான் வேலை திறமா நடக்குமெண்டு எங்கட மச்சான் எப்பவும் சொல்லுறவர். ரெண்டு பேரும் போட்டி போடுங்கோ. ஆர் திறமோ அவருக்குக் குடுப்பம்."

"போட்டியோ? இதுக்கு என்ன போட்டி?" மாமாவின் குரல் வாய்க்கால் கரை முழுக்கக் கேட்டது. "இது ஊர் வேலை! கூட்டத்தில வைச்சு, மிஸ்ஸையும் கூப்பிட்டு, முறைப்படிதான் தீர்மானிக்கவேணும்!"

நான் சந்தைக்காகக் கத்தினேன். அவர் அரசாங்கத்துக்காகக் கத்தினார். பெட்டி பூட்டி நின்ற உழவு மெசின்காரர் எங்களைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போய், அம்மாவிடமும் அத்தையிடமும் கேட்டு மூட்டைகளை ஏற்றத் தொடங்கினார்.